கட்டிங்கை எடுத்ததும் தட்டுத் தொட்டியில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தோட்டப் பக்கத்தில் கட்டிங் வைத்துப் போன்சாய் வளர்ப்பது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். ஒரு கிளையை வெட்டு, அழகான தட்டுத் தொட்டியில் நடு, கிளையை வளைக்கக் கம்பியைச் சுற்று, சில மாதத்தில் போன்சாய் தயார் என்கிற மாதிரி எழுதியிருந்தது. எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, வீடியோக்களிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பிச் செய்கிறவரின் செடி ஒன்று அழுகிச் சாகும், இல்லாவிட்டால் சாகாமல் பத்து வருடம் கழித்தும் பென்சில் பருமனிலேயே நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கடைசியில் வர வேண்டிய தொட்டி முதலில் வந்துவிடுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், கவாத்து எனக்குப் பழகிய விஷயம்தான்.

கட்டிங்கில் தொடங்குவது நல்ல வழி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. விதையிலிருந்து வளர்த்தால் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். ஆழமில்லாத தொட்டிக்கு அது ஆகாது, அதை வெட்டிப் பக்கவேர்களை வரவைப்பது தனி வேலை. கட்டிங்கில் ஆணிவேர் கிடையாது, வெட்டிய இடத்தைச் சுற்றிப் புதிதாக வேர் விடுகிறது. அப்புறம், கட்டிங் என்பது தாய்ச்செடியின் அச்சு அசல். தாய்க்கு இலை சிறிது என்றால் இதற்கும் சிறிது, தாய்க்குக் கணுக்கள் நெருக்கம் என்றால் இதற்கும் நெருக்கம். அதனால் எந்தச் செடியில் வெட்டுகிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கைக்கு எட்டிய கிளையை ஒடித்து வருவதற்குப் பதில், ஒரே வகையில் நாலைந்து செடிகளைப் பார்த்து, இலை சிறியதாகவும் கணு இடைவெளி குறைவாகவும் நன்றாகக் கிளைக்கிறதாகவும் இருக்கிற ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். இலையின் அளவைப் பின்னால் பயிற்சியில் ஓரளவு குறைக்கலாம். பூவும் காயும் குறையவே குறையாது, சின்ன மரத்திலும் அதே அளவில்தான் வரும்.

எல்லா மரமும் கட்டிங்கில் வராது என்பதையும் சொல்லியிருக்கலாம். ஆல், அத்தி சேர்ந்த ஃபைகஸ் இனம் வெதுவெதுப்பான பருவத்தில் சில வாரங்களில் வேர் விட்டுவிடும், புதியவர்களுக்கு அதைவிடப் பொறுமையான மரம் இல்லை. காகிதப்பூ வரும். ஜேட் வகைகள் வரும், ஆனால் அவற்றின் தண்டு முழுக்க நீர் என்பதால் வெட்டிய வாயைச் சில நாள் காயவிட்டு, அதன் பிறகு நட வேண்டும், ஈரத்தோடு நட்டால் அழுகல்தான். ஜூனிபர் மாதக்கணக்கில் யோசிக்கும். பைன் மரத்தைக் கட்டிங்கில் கொண்டுவர முயல்வது பெரும்பாலும் வீண் வேலை, அதற்கு விதையே நல்லது.

வெட்டுவது எப்படி என்பதில் உங்கள் குறிப்பில் இருந்த ஒரு வரியை மறுக்க வேண்டியிருக்கிறது. கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டச் சொல்லியிருந்தது. சாதாரணத் தோட்டச் செடிக்கு அது போதும், எந்தப் பக்கம் வேர் வந்தால் என்ன, வந்தால் சரி. போன்சாய்க்கு அப்படி இல்லை. சாய்வாக வெட்டினால் வேர்கள் பெரும்பாலும் வெட்டின் தாழ்ந்த முனையில் ஒரே பக்கமாகக் கூடிக்கொள்கின்றன. தட்டையாக, குறுக்கே, கூரான கத்தியால் நசுங்காமல் வெட்டினால் சுற்றிலும் வர வாய்ப்பு அதிகம். மரத்தின் அடியில் நாலு பக்கமும் வேர் படர்ந்து மண்ணைக் கவ்விப் பிடித்திருப்பதுதான் சின்ன மரத்தைப் பெரிய, வயசான மரமாகக் காட்டுகிறது. அந்த அழகு முதல் வெட்டிலேயே தொடங்குகிறது. பிற்பாடு எத்தனை கம்பி சுற்றினாலும் அதைக் கொண்டுவர முடியாது.

ரொம்ப இளசாகவும் இல்லாமல் முழுக்க மரமாகவும் ஆகாமல் பாதி முற்றிய கிளையாக, பென்சில் பருமனில், 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் எடுக்கலாம். ஃபைகஸிலும் காகிதப்பூவிலும் அதைவிடப் பருத்த துண்டுகளும் வேர் விடும், கைவிரலைவிடத் தடித்ததையே தைரியமாக நடலாம், அடிமரத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் கொஞ்சம் மிச்சமாகும். பருத்த துண்டில் மேல் வாயை வெட்டுக்காயத்துக்கான பசை பூசி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து காய்ந்துகொண்டே கீழே இறங்கும். ஃபைகஸ் வெட்டினால் பால் வடியும், தண்ணீரில் கழுவி வடிவது நின்றபின் நடுங்கள்; அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், கையையும் கழுவிக்கொள்ளுங்கள். மேலே எது கீழே எது என்று குழம்பிவிடாமல் அடையாளம் வைத்துக்கொள்வதும் முக்கியம். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியிலிருந்து அடிநோக்கித்தான் இறங்குகிறது, தலைகீழாக நட்ட குச்சி சரியாக வேர் விடாது. இலை உதிர்ந்த குச்சிகளைக் கட்டாகக் கட்டி எடுத்து வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் நிஜமாகவே வரும். வேர் ஊக்கித் தூள் இருந்தால் அடியில் தொட்டுக்கொள்ளலாம், அதுவும் அந்த ஆக்சின் வகைதான். ஃபைகஸுக்கு அது இல்லாமலும் நடக்கும்.

அடுத்தது இலை. வேர் இல்லாத தண்டுக்குத் தண்ணீர் உறிஞ்ச வழியில்லை, இலையோ நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எல்லா இலையையும் விட்டுவைத்தால் வாடிச் சாகும், எல்லாவற்றையும் பறித்துவிட்டால் வேர் உண்டாக்க வேண்டிய உணவைத் தயாரிக்க ஆள் இல்லை. மேலே இரண்டு மூன்று இலை வைத்து, பெரிய இலை என்றால் பாதியாக நறுக்கி, மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து அரைநிழலில் வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் உறைக்குள் வெந்துவிடும். சுத்தமான பருமணல், அல்லது பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகளும் தேங்காய் நார்க்கழிவும் சேர்ந்த கலவை போதும். உரம் வேண்டாம், உறிஞ்ச வேரே இல்லாதபோது யாருக்கு உரம்?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு வாரத்தில் பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். உடனே மண்ணைக் கிளறி எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள், அது செத்துப்போகும். துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற மாவுச்சத்தை வைத்தே மொட்டு மலர்ந்துவிடும், அது தீர்ந்ததும் வாடிவிடும். உண்மையான சாட்சி வேர்தான். ஒளி ஊடுருவும் கப்பில் நட்டு, வெளிச்சம் படாமல் இன்னொரு கப்புக்குள் இறக்கி வைத்தால், தூக்கிப் பார்த்தே வேர் தெரிந்துகொள்ளலாம். இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அப்போதுதான் வெளிவந்த வேர்நுனி நூலைவிட மெலிதாக இருக்கும், ஓர் இழுப்பில் அறுந்துவிடும்.

சரி, வேர் வந்துவிட்டது. இப்போதாவது தட்டுத் தொட்டியில் வைக்கலாமா என்றால், இப்போதும் கூடாது. இதற்கு இரண்டு காரணம் இருக்கிறது, முதலாவது தண்ணீர். ஆழம் குறைந்த தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறானது உண்மை. எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் உயரத்துக்கு மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த உயரத்தை முடிவு செய்வது மண் துகளின் அளவு. தொட்டியின் ஆழம் அல்ல. ஆழமான தொட்டியில் அந்த ஈர அடுக்குக்கு மேலே வேருக்குக் காற்றோட்டமான இடம் நிறைய இருக்கும். தட்டுத் தொட்டியில் ஈர அடுக்கே கிட்டத்தட்ட முழு மண்ணும். நம்பாவிட்டால் நனைந்த ஸ்பாஞ்ச் ஒன்றைப் படுக்கைவசமாகப் பிடித்து, சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடி சொட்டும். அதனால்தான் போன்சாய்க் கலவையில் களிமண்ணும் பொடி மண்ணும் சேர்க்காமல், 3 முதல் 6 மில்லிமீட்டர் துகளாகச் சலித்து, தூசியைக் கழுவிவிட்டுப் போடுகிறார்கள். நிறைய வேர் இருக்கிற பழைய மரம் அந்தத் தண்ணீரை ஒரு பகலில் குடித்துத் தீர்த்துவிடும். நாலு வேர் உள்ள கட்டிங்குக்கு அந்தத் திராணி இல்லை, சதசதவென்ற மண்ணில் மூச்சு முட்டி அழுகும். அதே தட்டுத் தொட்டி வெயில் நாளில் சாயங்காலத்துக்குள் காய்ந்தும் விடும், மொத்த மண்ணே கொஞ்சம்தானே. இந்த இரண்டு கொடுமைக்கும் நடுவே ஒரு பச்சைப்பிள்ளையை ஏன் விட வேண்டும்?

இரண்டாவது காரணம் அடிமரம், அதுதான் முக்கியம். மரம் பருப்பது இலையின் எண்ணிக்கையையும் ஓடும் கிளைகளின் வேகத்தையும் பொறுத்தது. பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற மெல்லிய வளர்படலம், மேலேயிருந்து எவ்வளவு உணவு இறங்குகிறதோ அதற்கேற்ப மரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். சின்னத் தொட்டியில் வேருக்கு இடமில்லை, வேர் ஓடாவிட்டால் கிளை ஓடாது, கிளை ஓடாவிட்டால் அடி பருக்காது. அதோடு நாமும் அழகு பார்க்கிறேன் என்று வாராவாரம் நுனி கிள்ளிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அழகாகக் கிள்ளப்பட்ட குச்சி ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் சில வருடம் போன்சாய் வளர்க்கிறோம் என்பதையே மறந்துவிட்டு மரம் வளர்க்க வேண்டும். நிலம் இருந்தால் நிலத்தில், இல்லையென்றால் அகலமான, ஓரளவு ஆழமுள்ள வளர்ப்புத் தொட்டியில். நடும்போது ஒரு வேலை உண்டு: வேர்களை வட்டமாக விசிறிப் பரப்பி, கீழே செங்குத்தாக இறங்குகிறவற்றை வெட்டிவிட்டு, அடியில் ஓட்டுத் துண்டு அல்லது பலகை ஒன்றை வைத்து அதன் மேல் நட்டுவிடுங்கள். வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடும். இதைச் செய்தபின் தாராளமாகத் தண்ணீர், முழு வெயில், தவறாமல் உரம். போன்சாயைப் பட்டினி போட்டு வளர்க்கிறார்கள் என்பது வெறும் கட்டுக்கதை, பட்டினி போட்ட மரத்தில் கிளைகள் சாகுமே தவிர அழகு வராது.

இந்தக் கட்டத்தில் கிளை மூன்றடி நாலடி நீளத்துக்கு ஓடட்டும், விடுங்கள். பார்க்கப் புதர் மாதிரி இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் இதுவா போன்சாய் என்று கேட்பார்கள், கேட்கட்டும். அடிப்பகுதியில் ஒரு கிளையை வேண்டுமென்றே நீள விட்டுவைத்தால் அதற்குக் கீழே உள்ள தண்டு நன்றாகப் பருக்கும்; வேலை முடிந்ததும் அந்தக் கிளையை அடியோடு எடுத்துவிடலாம், தியாகக் கிளை என்பார்கள். போதுமான பருமன் வந்ததும் அடிமரத்தையே வெட்ட வேண்டும். புதியவர்களுக்கு இங்கேதான் கை நடுங்கும். நாம் நினைத்திருக்கும் மரத்தின் கடைசி உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தண்டைத் துண்டித்து, வருகிற துளிர்களில் ஒன்றைப் புதிய தலையாக வைத்துக்கொண்டு, அதையும் ஓட விட்டு, பிறகு அதையும் வெட்டி, அதன் மேல் இன்னொன்று. இப்படி ஒவ்வொரு வெட்டுக்கு மேலும் மரம் கொஞ்சம் மெலிந்து, அடியில் பருத்து நுனியில் சிறுத்த வடிவம் வரும். வளைவும் தானாக அமையும். மரத்தின் உயரம் அடிப்பருமனைப் போல ஆறு மடங்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அதாவது 30 சென்டிமீட்டர் மரத்துக்கு 5 சென்டிமீட்டர் அடி. கணக்கு கட்டாயமில்லை, மெலிந்து உயர்ந்த பாணியில் அது பொருந்தவும் செய்யாது. ஆனால் பென்சில் குச்சி ஏன் மரம் போலத் தெரியவில்லை என்பதற்கு விடை அதில் இருக்கிறது.

கிளை வடிவமைப்பைப் பற்றி உங்கள் குறிப்பில் ஓரளவு சரியாகவே இருந்தது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே உயரத்தில் எதிரெதிரே இரண்டு கிளை இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் முண்டு கட்டி வீங்கும். வளைவின் உள்பக்கத்துக் கிளையைவிட வெளிப்பக்கத்துக் கிளை நல்லது. கிளை ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலைக்கு வெட்டினால் பக்கக் கிளைகள் வரும்; கடைசியாக விட்டுவைக்கிற மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த கிளை போகும், இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கம்பி வேலை மிச்சம். உச்சிக்கு எப்போதும் பலம் அதிகம். ஆகையால் மேலே கடுமையாகவும் கீழே மிதமாகவும் வெட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே அளவில் கத்தரித்துக்கொண்டே வந்தால் கீழ்க்கிளைகள் மெலிந்து ஒவ்வொன்றாகக் காய்ந்துவிடும்.

கம்பி பற்றி மட்டும் ஒரு கோரிக்கை. நீங்கள் போட்டிருந்த படத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது, அதைப் பார்த்து அதுதான் முறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனான அலுமினியக் கம்பியை 45 டிகிரி சாய்வில், இறுக்காமல், கிளையோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். வேகமாக வளரும் பருவத்தில் ஃபைகஸில் சில வாரத்திலேயே கம்பி பதிய ஆரம்பித்துவிடும், அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்து, பதிவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது சுற்றைப் பிரிக்க முயன்றால் மொட்டுகள் உடையும், துண்டு துண்டாக வெட்டி எடுப்பதே நல்லது. காகிதப்பூவின் முற்றிய கிளை வளைத்தால் படக்கென்று ஒடியும், பச்சையாக இருக்கும்போதே கம்பி போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் ஆனபிறகுதான் தட்டுத் தொட்டி. ஒரே தடவையில் பெரிய தொட்டியிலிருந்து அதற்கு மாற்ற முடியாது, தொட்டி மாற்றும்போதெல்லாம் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தண்டுக்குப் பக்கத்தில் நுண்வேர் அடர்த்தியாக வந்தபின் மாற்றுவது. அடியில் ஓட்டை இல்லாத தொட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். மரத்தைக் கம்பியால் தொட்டியோடு கட்டி அசையாமல் நிறுத்துங்கள், ஆடிக்கொண்டிருக்கும் மரத்தில் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். வேரை வெட்டிய அதே பருவத்தில் இலை முழுவதையும் பறிக்கும் வேலை வேண்டாம், இரண்டு அடியையும் ஒரே சமயத்தில் மரம் தாங்காது. தண்ணீருக்கு அட்டவணை கிடையாது, தினமும் விரலை மண்ணில் வைத்துப் பார்த்து, மேல்மண் காயத் தொடங்கியதும் அடி ஓட்டை வழியாக வடியும் வரை ஊற்றுவதுதான் முறை.

இந்தப் பக்கத்தில் முன்பு ஒரு வாசகர் போன்சாய் மரத்தைச் சித்திரவதை செய்வது என்று எழுதியிருந்தார். அவருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தேசிய மரத்தோட்டத்தில் (நேஷனல் ஆர்போரீட்டம்) ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625லிருந்து பயிற்சியில் இருந்துவரும் மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்தபோது யமாகி குடும்பத்தின் தோட்டத்தில், வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்தது, சுவர் மறைவில் தப்பியது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஹிரோஷிமா கதை அங்கே உள்ளவர்களுக்கே 2001இல், பேரப்பிள்ளைகள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. சித்திரவதையில் இருக்கிற உயிர் நானூறு வருடம் தாண்டி வாழாது. அதே சமயம் அந்த வாசகர் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்: வேர் பிடிக்காத கட்டிங்கை ஓட்டையில்லாத பீங்கான் தட்டில் செருகி, மேலே பசை போட்டுக் கூழாங்கல்லை ஒட்டி, மேசைமேல் வைக்கச் சொல்லி விற்கிறார்களே, அதற்கு அவர் சொன்ன பெயர் பொருந்தும். போன்சாய் என்றால் வீட்டுக்குள் வைப்பது என்று ஒரு நினைப்பு எப்படியோ பரவிவிட்டது. மரம் மரம்தான், அதற்கு வெயிலும் காற்றும் வேண்டும், விருந்தாளி வரும்போது ஒருநாள் உள்ளே எடுத்து வைத்துக் காட்டிவிட்டு மறுபடி வெளியே வைத்துவிட வேண்டும்.

போன்சாய் பற்றி இன்னொரு பகுதி வரும் என்று குறிப்பின் அடியில் போட்டிருந்தீர்கள். அதில் தட்டுத் தொட்டியில் நிற்கும் முடிந்த மரத்தின் படத்துக்குப் பக்கத்திலேயே, அடிமரத்தை வெட்டி ஒரு வருடமே ஆன, மொட்டைத் தண்டில் நாலு துளிர் நீட்டிக்கொண்டு நிற்கிற வளர்ப்புத் தொட்டி மரத்தின் படமும் ஒன்று போடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. தன் வீட்டு மரமும் அப்படித்தான் இருக்கிறது என்று பார்த்து, அதைப் பிடுங்கி எறிய இருந்த சிலராவது நிறுத்திக்கொள்வார்கள். சாய்வு வெட்டு பற்றிய வரிக்கும் கம்பி புதைந்த படத்துக்கும் சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
தோட்டப் பக்கத்தை முதலில் படிக்கும் வாசகர்களில் ஒருவன்